தன்மூப்பு என்று எழுதினேன்

1956 ஜூன் 14, வியாழக்கிழமை, காலை பத்தே கால். விடியுமுன் பிடித்த மழை தூறலாக இழுத்துக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆபீஸ் வாசலில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினேழு பேர் நின்றார்கள். உள்ளே, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் மேசையில் அவர்களுக்காக நான் எழுதிய மனு கிடந்தது. பதினான்கு வரி, பதினேழு கைநாட்டு. ஒன்று மங்கலாக விழுந்துவிட்டதே என்று எனக்கு வேறு கவலை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது வாத்தியார்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு மழை வலுத்ததும் மலையை விட்டு இறங்கச் சொன்னவர் கண்டாக்கு. அவர்களுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டவரும் அவரே. பேரை வெட்டுவதென்றால் தோட்டத்து மேனேஜரான துரையைக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அதனால், ‘கண்டாக்கு ஐயா தன்மூப்பாக அரைப் பேர் போட்டுவிட்டார்’ என்று எழுதியிருந்தேன்.

“என்னா மாஸ்டர் வார்த்த இது? ஏசுறீங்களா?”

“இல்லீங்க ஐயா. கேக்க வேண்டியவங்களக் கேக்காம, தானே முடிவு பண்ணிச் செய்றது.”

“நீங்களா கட்டுனதுதானே? எங்க, வேற வாக்கியத்துல வச்சுச் சொல்லுங்க பாப்போம்.”

“மருமகள் தன்மூப்பாக நகையை அடகு வைத்தாள்.” தலையாட்டினார். “தம்பி தன்மூப்பாக மாட்டை விற்றுவிட்டான்.” அதற்கும் தலையாட்டினார். மூன்றாவதை அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். “துரை லீவில் போனபோது ஒருவர் தன்மூப்பாகத் துரை நாற்காலியில் உட்கார்ந்தார்.”

வாசலில் சிரிப்பு வெடித்தது. “இன்னொண்ணு போடுங்க வாத்தியாரே!” என்றாள் ஒருத்தி.

கண்டாக்கு சிரிக்கவில்லை. “அத வெட்டிட்டு ‘தவறுதலாக’ன்னு எழுதுங்க. இப்பவே முழுப் பேர் போட்டுர்றேன். இல்லாட்டி மனு தொரைகிட்டப் போகும். ஒங்க வேலையும் போகும்.”

பதினேழு பேரின் கூலி. வெளியே பார்த்தேன்.

அதே பெண் சொன்னாள்: “கை தவறியா போட்டாரு? பாத்துப் பாத்துல்ல போட்டாரு. வெட்டாதீங்க, தொரையே பாக்கட்டும்.”

பேனாவை எடுத்து அந்தச் சொல்லின் கீழே இரண்டு கோடு இழுத்தேன்.

துரை முழுப் பேர் கொடுத்தார். மாதக் கடைசியில் எனக்குக் கடிதம் வந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார் போதுமாம். லேசான சொல்லாகப் போட்டிருக்கலாமே என்று இன்றும் கேட்கிறார்கள். போட்டிருக்கலாம், அது பொய்யாக இருந்திருக்கும். ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைக்க ஏழு மாதம் ஆயிற்று. போன வாத்தியார் சம்பளம் மாதம் எழுபது ரூபாய் வீதம் நானூற்றுத் தொண்ணூறு. சாமான் ஏற்றிய லொறிக்குப் பன்னிரண்டு. ஆக அந்த ஒரு சொல்லுக்கு ஐந்நூற்று இரண்டு ரூபாய்.