வழுக்கி விழும் சத்தம்

சினிமாவில் கேட்கும் காலடிச் சத்தம் பெரும்பாலும் நடிப்பவருடையது அல்ல. படப்பிடிப்பில் பதிவாவதில் பாதி உதவாமல் போய்விடும். பிறகு ஒரு ஸ்டூடியோ அறையில் திரையைப் பார்த்தபடி வேறொருவர் நடக்கிறார், நாற்காலியை இழுக்கிறார், சட்டையைக் கசக்குகிறார், கன்னத்தில் அறைகிறார். அந்த வேறொருவர்தான் டமாலக்கா. வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஸ்டூடியோ வாசலில் அதைச் சொல்லி விசாரித்தால் காவலாளி, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளம். குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டாது. ஆனால் ஊரிலுள்ள அடிதடி வீரர்கள் அத்தனை பேரின் கையும் காலும் அவர்தான். அவருடைய அறையில் சுவரே இல்லாமல் ஒரு கதவு தனியாக நிற்கும். மணல் நிரப்பிய தொட்டி, ஈரத்துண்டுகள், எல்லா அளவிலும் பழஞ்செருப்புகள் இருக்கும். எலும்பு முறியும் சத்தத்துக்கு முட்டைக்கோஸ். முறித்தது போக மிச்சத்தை வீணாக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போவார். அப்பா தட்டைப் பார்த்ததுமே கேட்பார்:

"இன்னிக்கு எத்தனை பேரை உடைச்சே?"

"நாலு பேருப்பா."

"அப்ப வாரம் பூரா கோஸுதான். அடுத்த படத்துலயாவது ஆப்பிள்ல உடைக்கச் சொல்லு."

அப்பா லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்நாளெல்லாம் பிறரை ஏற்றி இறக்கியவருக்கு வயதான காலத்தில் ஒரே ஒரு பெருமை, மகளின் தொழில். அவள் வேலை செய்த படம் எதுவானாலும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். பார்ப்பது என்று பேர்தான். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். "இந்த நடை உன்னுதுதானே?" என்று இருட்டில் முழங்கையால் இடிப்பார். ஒரு தடவைகூட அவர் கணிப்பு பொய்த்ததில்லை.

அந்த வீட்டில் ஒரு தம்பியும் இருந்தான். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை. ஒரு வீட்டில் செல்போனைக் காணோம் என்று அவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் காலையில், ஸ்டேஷன் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டான் என்று சொன்னார்கள். பறிகொடுத்தவரின் சோபா இடுக்கிலேயே பிறகு அந்த செல்போன் கிடைத்தது. அதற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. விழுந்தவனின் முதுகெல்லாம் கன்றிப்போயிருந்ததே என்று அப்பா கேட்டதற்கு, "வயசான காலத்துல எதுக்குப் பெரியவரே அலையுறீங்க" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களாவது கிள்ளுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்டூடியோவில் இந்தக் கதை யாருக்கும் தெரியாது. அக்கா சொன்னதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் 'கையுறைக்காரன்' படம் அக்காவின் கைக்கு வந்தது. பழைய சித்திரக்கதை, பெரும் செலவில் படமாக்கியிருந்தார்கள். இயக்குநர் இளைஞர், நிறையப் படித்தவர். புத்தகத்தை அக்காவுக்கும் படிக்கக் கொடுத்திருந்தார். அதில் கதாநாயகன் ஒரு போலீஸ் அதிகாரி. பிடித்து வைத்திருந்த அப்பாவி ஒருவனை அடித்தே கொன்றுவிடுகிறான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்குத்தான் தன் கைகளைப் பார்க்க முடியவில்லை. கறுப்புக் கையுறை மாட்டி மறைத்துக்கொள்கிறான். அன்று முதல் யாரையாவது காப்பாற்ற ஓடிக்கொண்டே இருக்கிறான். எத்தனை பேரைக் காப்பாற்றினாலும் கையுறையைக் கழற்றும் துணிச்சல் அவனுக்கு வருவதில்லை. படத்திலோ அந்தக் கையுறை ஓர் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கிறது. அதிலிருந்து நீல ஒளி பாய்கிறது.

கொலை நடக்கும் பக்கத்தில் ஓவியர் அடியை வரையவில்லை. மூடிய கதவைக் கட்டம் கட்டமாக வரைந்து, சத்தங்களை மட்டும் அதன்மேல் எழுதியிருந்தார். இயக்குநரும் அப்படியே எடுத்திருந்தார். திரை முழுக்க ஒரு மூடிய கதவு. உள்ளே என்ன நடந்தது என்பதை அக்காவின் கைதான் சொல்ல வேண்டும்.

"ஒரே ஒரு மாத்தம்க்கா," என்றார் இயக்குநர். "நம்ம ஆளு உள்ளே போகல, வெளியவே நிக்கிறான். உள்ள அந்தாளு வழுக்கி விழுந்துடுறான். காப்பாத்த முடியலையேன்னு இவனுக்கு ஒரு வருத்தம். அவ்வளவுதான்."

வேலை வேலைதானே என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டார். தரையில் ஒரு பளிங்குக் கல்லைப் போட்டு நனைத்தார். ரப்பர் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் ஒரு வாளி. திரையில் கதவு வந்தது. செருப்பு கிறீச்சிட்டது, உள்ளங்கை கல்லில் அறைந்தது, மணல் மூட்டை பொத்தென்று விழுந்தது, வாளி உருண்டது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளர் குபீரென்று சிரித்துவிட்டார்.

"சாரிக்கா! அந்த வாளி உருண்டுச்சா, அதான்..."

இயக்குநரும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "வாளி வேணாம்க்கா. சாவு சீன்ல தியேட்டரே சிரிச்சா நான் எங்கே போய் நிக்கிறது?"

வாளி இல்லாமல் செய்தார். அப்போதும் ஒலிப்பதிவாளர் குனிந்து எதையோ தேடுவது போலப் பாவனை செய்தார்.

அக்கா ஈரக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒருவன் வழுக்கி விழுந்தால் யாருக்கும் முதலில் சிரிப்புத்தான் எட்டிப்பார்க்கும்; அதை அடக்கிக்கொண்டுதான் ஓடிப்போய்த் தூக்குவோம். தம்பி வழுக்கி விழுந்தான் என்று சொன்ன காலையில் சொன்னவர் முகத்தில் அந்தச் சிரிப்பின் நிழல்கூட இல்லை. எழுதிக்கொண்டவர் முகத்திலும் இல்லை. தலைகுனிந்து, மெதுவாக, மனப்பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அதை நம்பவில்லை.

"கொஞ்சம் கனமா போடுங்கக்கா," என்றார் இயக்குநர். "ஆள் சாகுற அளவுக்கு விழணும். ஆனா யாரோ அடிச்ச மாதிரி இருக்கக்கூடாது."

மூட்டையை உயரத்திலிருந்து போட்டார். தள்ளிவிட்டது போல இருக்கிறது என்றார்கள். முட்டைக்கோஸைச் சேர்த்தார். அது உதை. ஈரத்துண்டைச் சேர்த்தார். அது லத்தி. திரையில் கதவு திரும்பத் திரும்ப வந்து மூடிக்கொண்டது. அடுத்த தடவை கதவு வந்தபோது அக்காவின் நினைவில் அப்பா வந்தார். தியேட்டரில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அப்பா. மகன் வழுக்கி விழுந்த சத்தத்தை, மகள் கையால் கேட்கப்போகும் அப்பா.

கையுறையாக மாட்டியிருந்த செருப்பைக் கழற்றி வைத்தார்.

"இதை நான் போடலப்பா. வேணும்னா புத்தகத்துல இருக்கிறபடி போடுறேன்."

"ஏன்க்கா? உடம்பு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. என் தம்பியையும் வழுக்கி விழுந்துட்டான்னுதான் சொன்னாங்க. ஸ்டேஷன்ல."

ஒலிப்பதிவாளர் தலையிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்தார். இயக்குநர் எதிரில் வந்து தரையில் அமர்ந்தார்.

"எனக்குத் தெரியாதுக்கா. ஆனா இதை மாத்தவும் முடியாது. பொம்மை செஞ்சாச்சு, டிபன் பாக்ஸ் வரைக்கும் படம் அச்சடிச்சாச்சு. கொலைகாரன் படம் போட்ட டிபன் பாக்ஸை எந்தப் பிள்ளை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகும்?"

"சரிப்பா, நீயே சொல்லு. எவனோ வழுக்கி விழுந்ததுக்கு இவன் எதுக்குத் தூக்கம் கெட்டு ஊரையெல்லாம் காப்பாத்துறான்? பைத்தியமா?"

இயக்குநர் கீழே கிடந்த ஈரத்துண்டை எடுத்துக் கல்லைத் துடைத்தார். பதில் தெரியாதவர் அல்ல.

பிள்ளைகளுக்காகத்தான் என்பார்கள். அதே படத்தின் கடைசியில் ஒரு நகரத்தில் பாதி இடிகிறது. மாடி மாடியாகச் சரிகிறது. உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு கட்டத்திலும் காட்டுவதில்லை. அதைப் பிள்ளைகள் கேக் தின்றபடி பார்க்கலாம். பூட்டிய கதவுக்குப் பின்னால் சீருடை போட்டவன் ஒருவனை அடிக்கிறான் என்று மட்டும் அவர்கள் காதில் விழக்கூடாது. விழுந்தால் நாளைக்கு வளர்ந்து, கதவைத் தட்டிக் கேட்டாலும் கேட்பார்கள். அழுக்கைக் கழுவுகிறேன் என்று அந்தச் சித்திரக்கதையின் மனசாட்சியையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள். மிஞ்சியது நீல வெளிச்சம்.

அந்தக் கம்பெனி அதன்பின் அக்காவைக் கூப்பிடவில்லை. வேறு கம்பெனிகள் கூப்பிட்டன. வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை. ஆனால் சுவரொட்டி ஒட்டிய அன்றே அப்பா டிக்கெட் வாங்கிவிட்டார். தலைவலி என்று அக்கா சொல்லிப் பார்த்தார். "தலைவலிக்குத் தியேட்டர்ல ஏசி நல்லது" என்று கிளப்பிவிட்டார் பெரியவர்.

திரையில் கதவு வந்தது. அடியும் இல்லை, வழுக்கலும் இல்லை. வயலின்கள் எழுந்து எல்லாவற்றையும் மூடின. கதவு திறந்து ஒரு தொப்பிக்காரர் வெளியே வந்தார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான், சார்."

அப்பா கண்ணைத் திறந்தார்.

"இதுக்கு நீ சத்தம் கொடுத்தியா?" குரலைத் தாழ்த்த மறந்துவிட்டார். முன்வரிசையில் யாரோ "உஷ்" என்றார்கள்.

"இல்லப்பா. கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். அதான் வயலினைப் போட்டு மூடிட்டாங்க."

"நிஜமா?"

"நிஜமாப்பா."

அவர் மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். இடைவேளையில் வெளியே வந்து டீ வாங்கியதும் அப்பா கேட்டார்.

"அவன் நிஜமாவே நிறைய விழுவான், ஞாபகம் இருக்கா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பி போனதிலிருந்து அந்த வீட்டில் விழுந்தான் என்ற சொல்லை இருவரும் உச்சரித்ததில்லை. ஈரத் தரையைக் காட்டிக்கூட, "பார்த்து வாங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"சைக்கிள்ல இருந்து விழுந்தான். மாடிப்படியில விழுந்தான். உன்னைப் பொண்ணு கேட்டு வந்தாங்களே, அவங்க முன்னாடி முக்காலியோட விழுந்தான்."

"முக்காலி உடைஞ்சதுப்பா. அவன் மேல பழி போடாதீங்க."

"உடைஞ்ச முக்காலியில அவனை எவன் உட்காரச் சொன்னான்?"

"நீங்கதான்."

அப்பா சிரித்தார். அக்காவும் சிரித்தார். டீ கொஞ்சம் சட்டையில் சிந்தியது. சிரிப்பு அடங்கியதும் அப்பா மெதுவாகக் கேட்டார்:

"அத்தனை தடவை விழுந்தானே. ஒரு தடவையாவது செத்தானா?"

உள்ளே வரச்சொல்லி மணி அடித்தது. கூட்டம் உள்ளே போனது. அப்பா டீயைக் குடித்து முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றார்.