அரை மேட்ச்காரி

எனக்கு முன்கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் கால்பந்து அணியில் நான் ஸ்டாப்பர். அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று, எதிரணி ஃபார்வர்டை மறிக்கிறவள். அந்த வேலைக்கு முன்கோபம் ஒன்றும் கெடுதல் இல்லை. கெடுதல் என்னவென்றால், அதே வேலைக்கு இன்னொருத்தியும் இருந்தாள்.

அவள் பாறசாலைப் பக்கத்துக்காரி. மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. காலை ரயிலில் வந்து திருவனந்தபுரத்தில் இறங்குவாள். நான் அந்த நகரத்திலேயே, சாலை என்கிற கடைவீதியில் பருப்பு மொத்தக் கடைக்காரர் மகள். பின்வரிசையின் நடுவில் இரண்டு இடங்கள். ஒன்று கேப்டன் சேச்சியுடையது, அதில் பேச்சே இல்லை. மிச்சமிருந்த ஒன்றைக் கோச் சார் எங்கள் இருவருக்கும் தேங்காய் உடைத்ததுபோல் பங்கு வைத்தார். முதல் பாதி எனக்கு, இரண்டாம் பாதி அவளுக்கு. நான் எடுத்த எடுப்பில் வேகம் காட்டுவேனாம், போகப்போக மூச்சு வாங்குவேனாம். அவளோ ஆட்டம் முற்ற முற்ற முறுக்கேறுகிறவளாம். இடைவேளை விசில் கேட்டதும், "மதி. இனி அவள்" என்பார். மலையாளத்தில் மதி என்றால் போதும். இரண்டு வருடம் இந்த வசனம் மாறவே இல்லை.

இதற்கு மேல் ஒரு சட்டம் வேறு. வெளியே இருப்பவள் உட்காரக் கூடாது. கோட்டுக்கு வெளியே நின்று, பந்தைப் பார்க்காமல் உள்ளே ஆடுகிறவளை மட்டுமே பார்க்க வேண்டும். மேட்ச் முடிந்ததும் அவளுடைய மூன்று குற்றங்களை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பாராட்டிவிட்டால் மைதானத்தை இரண்டு சுற்று ஓட வேண்டும். நான் ஒரு தடவைகூட ஓடியதில்லை. அவள் குற்றங்களை எண்ணுவது எனக்கு அவ்வளவு பிடித்தமான காரியமாக இருந்தது. அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். தலைக்கு மேல் போன பந்து போனதுதான். இதை நான் சொல்லாத மேட்ச் கிடையாது. என்னைப் பற்றி அவளும் ஒன்றை விடாமல் சொல்வாள்: ஃபார்வர்டு வலது தோளைச் சும்மா ஆட்டினாலே நான் பாய்ந்துவிடுவேன். அவள் சொல்வது உண்மைதான். அதனால்தான் பற்றிக்கொண்டு வரும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது அப்பா விஷயம். கடையில் அப்பா இளையவர். பெரியப்பா மத்தியானம் சாப்பிடப் போய், உறங்கி, எழுந்து, முகம் கழுவி வந்தால்தான் அப்பா கடையை விட்டு நகரலாம். பெரியப்பாவின் உறக்கத்தைக் கலைக்க எங்கள் குடும்பத்தில் ஆள் பிறக்கவில்லை. அவர் வந்த பிறகு அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு ஓடி, பஸ் பிடித்து, மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் இடைவேளை முடிந்திருக்கும். இரண்டு வருடமாக ஒரு மேட்ச் விடாமல் வந்தவர், நான் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அவளைத்தான். ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு அந்தப் பாறசாலைப் பிள்ளை ஒரு பந்து எடுத்தா பாரு மக்ளே, செவரு மாதிரில்லா நின்னா!" என்பார். எனக்குச் சோறு இறங்காது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம். முந்தின நாள் அப்பாவிடம் கேட்டேன்.

"நாளைக்கு ஒருநாள் சீக்கிரம் வரப்படாதா?"

"பெரியப்பா எந்திரிச்சு வரண்டாமா மக்ளே?"

என் ரோஷத்தை எல்லாம் விழுங்கிவிட்டு அவளிடம் போனேன். "நாளைக்கு மட்டும் ஹாஃப் மாத்திக்கிடுவோமா? நாம ரெண்டு பேரும் சொன்னா சார் கேப்பாரு. எங்க அப்பா நான் ஆடி ஒரு தடவையாவது பாக்கணும்."

அவள் கால்கட்டு நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அது நடக்காதுடீ. ஒனக்கு அப்பா பாக்கணும், எனக்குக் கப்பு வேணும். செகண்ட் ஹாஃப் என்னோடதாக்கும், கேட்டியா."

அன்றைக்கு அவளை மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஃபைனலில் நாங்கள் முதலிலேயே ஒரு கோல் போட்டுவிட்டோம். என் பங்கு நேரத்தில் எதிரணியின் உயரமான ஃபார்வர்டை நான் பெனால்ட்டி பெட்டிக்குள் விடவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கேப்டன் சேச்சி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். விசில் ஒலித்தது. பழக்க தோஷத்தில் நான் வெளியே நடக்க, சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கே போகிறாய்? இரண்டு பேரும் நில்லுங்கள்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். பயிற்சியில்கூட ஒரே பக்கம் சேர்ந்து ஆடியதில்லை. அதோடு, இடைவேளைக்குப் பிறகு என் காலுக்கு வேலையே இருந்ததில்லை.

மறுபாதி தொடங்கியதும், உயரமாக வந்த முதல் பந்துக்கு இருவருமே எழும்பினோம். மண்டையும் மண்டையும் மோதி இருவரும் விழுந்தோம். ஃபார்வர்டு அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கேலரியில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில், மடித்துக் கட்டிய வேட்டியோடு, அப்பா.

அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எடீ, நீ எப்பவும் போல ஆடு. பாயணும்னா பாஞ்சிக்கோ. நீ எங்க கோட்டை விடுவேன்னு எனக்குக் காணாப்பாடமாக்கும்."

எனக்கும் அவள் மனப்பாடம்தான். இரண்டு வருடமாகப் பந்தைப் பார்க்காமல் அவளை மட்டுமே பார்த்தவள் நான். அவள் எந்தக் காலில் திரும்புவாள், எப்போது முன்னேறுவாள், முன்னேறினால் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் காலியாகும், எல்லாம் எனக்குத் தெரியும். நான் பாய்ந்தேன், ஏமாந்தேன், பந்து என்னைத் தாண்டிய இடத்தில் அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னேறினாள், பந்து அவள் தலைக்கு மேல் போனது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அங்கே நான் இருந்தேன். பிறகு ஒரு தடவைகூட நாங்கள் மோதிக்கொள்ளவில்லை. உயரக்காரி இடுப்பில் கை வைத்து நிற்கத் தொடங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு வாங்கியதா? நெஞ்சு வெடித்தது. ஆனாலும் கால் நிற்கவில்லை.

கடைசி விசில் ஒலித்தபோது இருவரும் புழுதியில் மல்லாந்து கிடந்தோம். ஒன்று–பூஜ்யம். அவள் கத்தினாள், நான் அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அப்பா மைதானத்துக்குள் இறங்கி வந்தார். நேராக அவளிடம் போய், "கொன்னுட்டே, பிள்ளே!" என்றார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"நீ இப்பிடி ஆடுவேன்னு எனக்கு யாரும் சொல்லலையே, மக்ளே."

"நான் சொல்லியிருப்பேனே, அங்கிள்" என்றாள் அவள். "மூணு குத்தத்தையும் சேத்தே சொல்லியிருப்பேன்."

அடுத்த போட்டிக்குள் கேப்டன் சேச்சியின் கால் சரியாகிவிட்டது. பழையபடி முதல் பாதி எனக்கு, இரண்டாம் பாதி அவளுக்கு. சாரிடம் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மைதானத்தில் இறங்கி, வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் கேலரியைச் சும்மா ஒரு பார்வை பார்த்தேன். முதல் படியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மேட்ச் இன்னும் தொடங்கவில்லை.

அவர் பெரியப்பாவை எழுப்பிவிட்டு வந்திருந்தார்.