பெட்டி கனத்தது பிள்ளையார் செயல்

நான் பிள்ளையாரோடு சண்டை போட்டவள். அதுவும் கோயிலில் இல்லை. திருவனந்தபுரம் விமான நிலையத்தில், ஊரே பார்க்கத் தரையில் உட்கார்ந்துகொண்டு, திறந்து கிடந்த பெட்டிக்கு முன்னால். "உனக்குத் தேங்காய் உடைச்சதே தண்டம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் பொறுத்துக்கொண்டார். அன்பர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் செண்பகம். அதே ஊரில் ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்களுக்கு மிளகு, வத்தல், மல்லி விற்கும் மொத்தக் கடை. என் மாமனாரின் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து போட்டது. மசாலாப் பொடிகள் மட்டும் என் பொறுப்பு. என் பக்குவத்தை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பொதுவாகவே கோபம் வர எனக்குப் பெரிய காரணம் வேண்டாம்.

ஒரே மகள் கோமதி. துபாயில் இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு தடவை கரு தங்காமல் போய்விட்டது. இரண்டு தடவையும் நான் பக்கத்தில் இல்லை. அவள் அங்கே போனில் அழுதாள், நான் இங்கே கடையில் வத்தல் மூட்டைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். மூன்றாவது முறை தங்கியது. தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரலாம் என்றால், விமானம் ஏறவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன ஆவணியில் ஒருநாள் கோமதி கூப்பிட்டாள். "அம்மா, நீ வந்துரு. எனக்குப் பயமா இருக்கு." வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நான் அதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. ரயிலில்கூட மதுரையைத் தாண்டியதில்லை. கடையை விட்டு வீட்டுக்காரர் வர முடியாது. தனியாகத்தான் போக வேண்டும். தெருவில் ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். இங்கே நிறுத்துவான், அங்கே கேள்வி கேட்பான், ஒரு காகிதம் குறைந்தால் அப்படியே திருப்பி அனுப்புவான் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் பிள்ளை மூன்றாவது தடவையும் தனியாகக் கிடப்பாளே! அது ஒன்றுதான் நெஞ்சை அறுத்தது.

புறப்படுகிற அன்று காலையில் கோட்டைப் பக்கம் இருக்கிற நம் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். "ஐயா, விக்கினம் தீர்க்கிறவரே, ஒரு தடையும் வரக் கூடாது. என்னைக் கொண்டுபோய் அவ பக்கத்துல நிறுத்திரும்" என்று கேட்டுத் தேங்காயை ஓங்கிக் கல்லில் எறிந்தேன். உடையவில்லை. உருண்டு ஓடியது. எனக்குத் திக்கென்றது. எடுத்து மறுபடி எறிந்தேன், அப்புறம்தான் சிதறியது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். "தேங்காய்கூட ஒனக்குப் பயந்து ஓடுது பாரு."

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. நல்ல காரியத்துக்குப் போறப்போ" என்றேன். ஆனால் மனதில் அது முள்ளாகத் தங்கிவிட்டது.

பெட்டி விஷயத்தைச் சொல்ல வேண்டும். "ஒண்ணும் சுமக்காதேம்மா, இங்க எல்லாம் கிடைக்கும்" என்று கோமதி சொல்லிவிட்டாள். ஆனால் மசக்கையிலிருந்தே அவள் ஏங்கிக் கேட்டது ஒன்றுதான், என் கைக் குருமா. விடுவேனா? அவளிடம் சொல்லாமலே குருமாப் பொடி இடித்தேன். எங்கள் குருமாவின் ருசியே கசகசாவில்தான் இருக்கிறது. கையால் அள்ளிப் போடுவேன். அது போதாதென்று, பாலில் அரைத்துக் கொடுத்தால் பிள்ளை பெற்றவளுக்கு நல்ல தூக்கம் வரும் என்று, கடையிலேயே உயர்ந்த கசகசாவாகப் பார்த்து ஒரு பொட்டலம் தனியாகக் கட்டினேன். அதை அவளுக்கு வாங்கிய பட்டுச்சேலையின் மடிப்புக்குள் பத்திரமாக வைத்தேன்.

சாக்கையில் இருக்கிற விமான முனையத்தில் காரை விட்டு இறங்கியதுமே பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று போயிற்று. முதல் தடை. வீட்டுக்காரரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். "நீ செக்கின் முடிச்சுட்டேன்னு சொல்ற வரைக்கும் நான் இங்கேருந்து அசைய மாட்டேன்" என்று கண்ணாடிக்கு வெளியே நின்றார். நான் நொண்டிப் பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக உள்ளே போனேன். கவுண்டரில் பெட்டியைத் தூக்கி வைத்தால், எடை கூடுதல். பிள்ளையாரே, இந்தப் பெண்ணின் கண்ணை மறைத்துவிடு என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

அந்தப் பெண்ணுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. "அம்மே, வெயிட் கூடுதலாணு. கொஞ்சம் சாமான் எடுக்கணும்" என்றாள்.

"மோளே, பிரசவத்துக்குப் போறேன். ஒரே மகள். கொஞ்சம் பார்த்து விடக் கூடாதா?"

"எனிக்கு மனசிலாவுது அம்மே. ஆனா மெஷின் சம்மதிக்காது. தள்ளி நின்னு மாத்தி வச்சிட்டு வாங்க, மறுபடி வரிசையில நிக்க வைக்க மாட்டேன்."

அவள் தன்மையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உச்சி கொதித்தது. தேங்காய், சக்கரம், எடை! தடை வேண்டாம் என்று கேட்டவளுக்கு அடுக்கடுக்காகத் தடையா? ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். குருமாப் பொடி வாசனை கிளம்பியது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அழுதுகொண்டே பிள்ளையாரைத் திட்டினேன். பட்டுச்சேலையைத் தூக்கினால், பொட்டலம் ஒரு மூலையில் பிரிந்து கசகசா மடியில் கொட்டியது.

வரிசையில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்தார். வர்க்கலைக்காரர். துபாயில் லாரி ஓட்டுகிறவர், விடுமுறை முடிந்து திரும்பிப் போகிறார்.

"சேச்சி, கோபிக்கண்டா. இது கசகசாவா?"

"ஆமா, நம்பர் ஒன் சாமான். ஒமக்கு என்ன?"

"சேச்சி துபாய்க்கா போறது? ஐயோ, இது அங்க கொண்டு போகான் பாடில்லா, கூடாது. பிடிச்சா ஜெயிலாணு."

எனக்கு வந்ததே கோபம்! "மூணு தலைமுறையா விக்கோம். குருமாவுக்குப் போடுற சாமானுக்கு ஜெயிலா? வேற ஆளைப் பாரும்."

அவர் முகம் சுளிக்கவில்லை. "என்னை நம்பண்டா. மகளை விளிச்சுக் கேளுங்க" என்றார்.

கூப்பிட்டேன். "ஏட்டி கோமதி, கசகசா அங்க கொண்டு வரக் கூடாதாமே, நெசமா?" அலறினாள். "அம்மா! பெட்டியில இருக்கா? எடுத்துரு! பொடியில கலந்திருந்தாலும் எடுத்துரு! ஒன்னைப் பிடிச்சு வச்சுட்டா நான் என்னம்மா பண்ணுவேன்!" மாப்பிள்ளை போனை வாங்கி நிதானமாகச் சொன்னார். நம் ஊரில் அது சமையல் சாமான். அபின் செடியின் விதை என்பதால் அந்த நாட்டில் போதைப்பொருளோடு சேர்த்திருக்கிறார்கள், தெரியாது என்று சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று.

எடை சரியாக இருந்திருந்தால்? அந்தப் பெண் இரக்கப்பட்டு விட்டிருந்தால்? நான் கேட்டபடியே தடை இல்லாமல் பெட்டி போயிருந்தால்?

குருமாப் பொடியை எடுத்தேன், கசகசாவை எடுத்தேன். மடிப்பில் ஒரு விதைகூடத் தங்கக் கூடாதென்று பட்டுச்சேலையையும் எடுத்தேன், என் மடியையும் நன்றாக உதறினேன். வர்க்கலைக்காரரும் சேர்ந்து மற்றத் துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடுத்தார். வாசல் காவலரிடம் கெஞ்சி எல்லாவற்றையும் வெளியே வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். மனிதர் வெளுத்துப் போனார். பிறகு கோட்டைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

"மத்தவங்களுக்குத் தடையை எடுத்துக் காப்பாத்துவாரு செண்பகம். ஒனக்கு வச்சுத்தான் காப்பாத்த முடியும்" என்றார். கேலிதான், ஆனால் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை.

மறுபடி எடை போட்டேன். சரியாக இருந்தது. கவுண்டர் பெண் சிரித்து, சன்னலோரச் சீட்டே போட்டுக் கொடுத்தாள். அதற்கப்புறம் பாருங்கள், வெண்ணெயில் கத்தி இறங்கியது போலப் போனேன். குடியேற்றத்தில் ஒரு கேள்வி, ஒரு முத்திரை. சோதனையில் என் மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டு அந்தக் காவல்காரப் பெண் "போங்க அம்மா" என்றாள். தெருக்காரர்கள் சொன்ன எந்தக் கதையும் நடக்கவில்லை.

துபாயில் இறங்கினேன். கடைசி வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சுங்க அதிகாரி என் நொண்டிப் பெட்டியைப் பார்த்துக் கையைக் காட்டினார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு பொட்டலமாக எடுத்தார், பிரித்தார், முகர்ந்தார். சுக்கு. மஞ்சள். ஓமம். கை உறை போட்ட விரலால் பெட்டியிலிருந்த சேலைகளின் மடிப்புகளைக்கூடப் பிரித்துப் பார்த்தார். எனக்கு அப்போது பயமே இல்லை. வாயெல்லாம் சிரிப்பு. "பாரும் ஐயா, நல்லாப் பாரும். எங்க பிள்ளையார் ஒமக்கு முன்னாடியே பார்த்துட்டார்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் சிரித்துப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

கண்ணாடிக் கதவு திறந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கோமதி நின்றாள். "வந்துட்டியாம்மா" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வாரமே வலி கண்டது. விடிய விடிய அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன். பெண் குழந்தை. நல்ல கனம். கசகசாவுக்குப் பதில் முந்திரி அரைத்து ஊற்றிக் குருமா வைத்துக் கொடுத்தேன். "பழசைவிட இதுதாம்மா நல்லாருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் இதை நம்பவில்லை.

அன்பர்களே, பயணம் போகிறவர்களே. எந்த நாட்டுக்கு எது ஆகாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பெட்டி கட்டுங்கள், அது நம் வேலை. அதன் பிறகும் சக்கரம் கழன்றால், எடை கூடினால், ஒருத்தர் வழி மறித்தால், என்னைப் போலத் திட்டாதீர்கள். தடையை எடுக்கிறவர்தான் தடையை வைக்கிறவரும். இரண்டையும் அவர் கையிலேயே விட்டுவிடுங்கள். நான் இப்போது வாடிக்கையாளர் கோபப்பட்டால்கூட ஒரு மூச்சு பொறுத்துத்தான் பதில் சொல்கிறேன், கடைத்தெருவே அதிசயப்படுகிறது.

ஊர் திரும்பியதும் நேரே கோட்டைப் பக்கம்தான் போனேன். நன்றிக்கு ஒரு தேங்காய். ஓங்கி எறிந்தேன். உடையவில்லை, உருண்டு போய் நின்றது. "சரி ஐயா, இப்ப என்ன சொல்லுதீரு?" என்று சிரித்துக்கொண்டே போய் எடுத்துவந்து மறுபடியும் எறிந்தேன்.