நாத்தனாரோட களிமண் குட்டை

என் நாத்தனாருக்கு வாய் கம்மி, கணக்கு ஜாஸ்தி. கல்யாணமே வேணாம்னுட்டு ஒரு பம்ப் கம்பெனியில டிசைன் வேலை பாத்தா. வீட்டுக்கு வந்தாலும் எங்க தெருக் கிணத்தைப் பத்திதான் பேச்சு. அந்தத் தண்ணி துணி துவைக்க ஆகும், உப்பு கரிச்சு வாயில வைக்க முடியாது. வெயில்ல ஓடுற மிஷின் வெச்சு அதைக் குடிதண்ணி ஆக்கணும்னு என் சாப்பாட்டு மேஜை முழுக்க படத்தை விரிச்சு வெச்சிருப்பா.

"தட்டை எங்கடி வைக்கிறது, உன் பம்ப் தலையிலயா?"

"ஓரமா வைங்க அண்ணி. படத்துல சோலார் பேனல் மேல குழம்பு சிந்திடாதீங்க."

தெருவே கூடி கட்டி முடிச்சோம். வெயில் ஏறினா மோட்டார் கிணத்துத் தண்ணிய உப்பைப் பிரிக்கிற சவ்வு வழியா அழுத்தும். ஒரு குழாயில நல்ல தண்ணி, இன்னொண்ணுல உப்பு மொத்தமும் சேந்த கழிவு. கழிவு காஞ்சு போக பின்னாடி ஒரு குட்டை. கழிவு மண்ணுல இறங்காம அடியில பிளாஸ்டிக் ஷீட் போடணும். அது வர நாளாகும்னாங்க, தெரு சனம் பறந்துது. களிமண் மெழுகினா போதும்னுட்டா.

சும்மா சொல்லல, சோதிச்சா. குட்டையை ரொப்பி வெச்சோம், சொட்டு இறங்கல. ஆனா ரொப்பினது லாரியில வந்த நல்ல தண்ணி. மிஷினே ஓடாதப்ப கழிவுக்கு எங்க போறது?

கொஞ்ச நாள் ராஜ வாழ்க்கைதான். அப்புறம் குழாய் இளைச்சுது. சவ்வைக் கழுவினா, பேனலைத் துடைச்சா, ஒண்ணும் நடக்கல. ஒருநாள் மத்தியானம் எதிர்வீட்டு டெய்லரம்மா கிணத்துத் தண்ணியோட வாளியைத் தூக்கிட்டு வந்தாங்க.

"என்னம்மா இது, சோப்பே நுரைக்கல. முன்னாடி துணியாச்சும் துவைச்சோம்!"

அவ விரலை நனைச்சு நாக்குல வெச்சா. மூஞ்சி செத்துப்போச்சு. மம்முட்டிய எடுத்துட்டுப் போய் குட்டை ஓரத்தைத் தோண்டினா. உப்பு பட்டு களிமண் சுருங்கி, இழை இழையா விரிசல் விட்டுக் கிடந்துது. நாங்க பிரிச்ச உப்பு பூரா கிணத்துக்கே திரும்பியிருக்கு.

"இப்பவாச்சும் ஷீட் போட்டுடலாம்டி."

"கீழ இறங்கினது இறங்கினதுதான் அண்ணி. இவ்வளவு உப்பு ஏறின தண்ணிய இந்த மோட்டாரால சவ்வு வழியா அழுத்த முடியாது."

"எப்பதான் சரியாகும்?"னாங்க டெய்லரம்மா.

"மழை பெஞ்சு பெஞ்சு கழுவணும். உங்க பேரப்பிள்ளைங்க காலத்துல ஆகலாம்."

திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டியிருந்தா தேவலை. வாளித் தண்ணியக் கொட்டிட்டு, அதைக் கவுத்துப்போட்டு மேல உக்காந்துட்டாங்க.

வெயில் பிச்சு எடுத்துது. மிஷின் ஓட இதைவிட நல்ல வெயில் கிடைக்காது. அவ போய் சுவிட்சை அணைச்சா.