சர்க்கரை போடாத இரண்டு காபி

முப்பத்திரண்டு வருடம் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தவன் நான். எந்த மதகின் பலகையை எத்தனை அங்குலம் தூக்க வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்திலும் தெரியும். என் வாய்க்கு அப்படியொரு பலகை போட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சால்வை போர்த்தினார்கள். "அத வாயில சுத்தியிருக்கலாம்" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதையும் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நான்தான்.

போன வருடம் மன்னார்குடியில் ஓய்வூதியர்கள் நாங்கள் மொத்தமாக ஒரு மதியக் காட்சிக்குப் போனோம். பென்ஷன் வாங்கும் கிழவர் ஒருவருக்கும் கணவனை இழந்த ஒரு அம்மாளுக்கும் காதல் வருகிற படம். கிழவர் காதலைச் சொல்ல வாயைத் திறக்கும்போது பல்செட் பஜ்ஜியோடு வெளியே வந்துவிடும். கல்யாணமான மூன்றாம் மாதம் அந்த அம்மாள் இறந்துபோவாள். அந்தச் சாவு வீட்டிலும் இரண்டு சிரிப்பு வைத்திருந்தார்கள். மூட்டுவலிக்காரர்கள்கூட முழங்காலைத் தட்டிச் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த சிநேகிதன் மட்டும் பல்செட் விழுந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழுவுற எடம் இது இல்லடா. அதுக்கு இன்னும் ஒன்ற மணி நேரம் இருக்கு" என்றேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன் அவன். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. இடைவேளையில் முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா திரும்பி அவனிடம் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து இறந்துபோனவரின் மனைவி. அவன் வீட்டுக்கு அடுத்த தெரு.

"எடுத்துக்குங்க சார். கடிச்சா ஒங்களுதும் கூடவே வந்துராதே?" என்றார்.

அவன் அப்படிச் சிரித்து நான் அவனுடைய கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை குளத்தைச் சுற்றி நடக்கும்போது சொன்னான். "அவங்கள்ட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருக்கேன்டா."

"கல்யாணமா?"

"சீ, அதெல்லாம் இல்ல. சாயங்காலம் சேந்து சாப்பிடலாமான்னுதான். அவங்க தனியா ரெண்டு தோசை சுடுறாங்க, நான் தனியா ரெண்டு தோசை சுடுறேன். ரெண்டு பேரு வீட்லயும் மாவு புளிச்சுப்போவுது."

"அப்ப மாவுக்காகத்தான்."

"இதுக்குத்தான் ஒங்கிட்ட சொல்லவே பயம். நேர்காணலுக்கு வருவாங்க. முடிஞ்சதும் எதுத்தாப்ல காபிக் கடையில வச்சு நானே கேட்டுக்குறேன். அன்னிக்கு ஒருநாள் நீ வாயத் தொறக்காம இரு. வேற ஒண்ணும் வேணாம்."

"சத்தியமா" என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன்.

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் எல்லோரும் கருவூலத்துக்குப் போய், உயிரோடிருக்கிறோம் என்று முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். அதுதான் நேர்காணல். கணவனின் பென்ஷனை வாங்கும் பெண்கள் கூடுதலாக ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும், மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று. வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்து எல்லோருக்கும் படிவம் நிரப்பித் தருவது நான் செய்கிற பொதுச்சேவை. கண்ணாடி எடுத்துவராதவர்களுக்காக ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படிப்பேன். அந்த வரி வந்ததும் நிறுத்தி, எண்பது வயதுக்காரியிடம், "நல்லா யோசிச்சு சொல்லுங்க ஆயா, மாப்ள யாரையும் மறைக்கலையே?" என்பேன். கிழவி என் தலையில் குட்டுவாள். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். பத்து வருடமாக இதே சிரிப்பு.

அன்று அவன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் எனக்கு நாலடி தள்ளி நின்றிருந்தான். இரண்டு கிழவிகளிடம் குட்டு வாங்கி முடித்திருந்தேன். மூன்றாவதாக அந்த அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார். பெயரை எழுதினேன், முகவரியை எழுதினேன். அந்த வரி வந்தது.

பழக்கதோஷத்தில் வந்துவிட்டது என்று இங்கே எழுதலாம். மனைவியிடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் சத்தியம் செய்தது நன்றாக நினைவிருந்தது. கூட்டம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சும்மா திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"மறுமணம் செய்துகொள்ளவில்லை" என்று படித்துவிட்டு, "இத பேனாவுல போடவா, பென்சில்ல போடவா?" என்று கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தேன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "வாத்தியாரே, பல்லு பத்திரம்" என்று யாரோ சொல்ல, மரத்தடியே குலுங்கியது. என் வாழ்நாளில் நான் வாங்கிய பெரிய சிரிப்பு அதுதான். அவனும் சிரித்தான். அத்தனை பேர் பார்க்கும்போது வேறு என்ன செய்வான். அந்த அம்மா திரும்பிப் பார்த்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பேனாவுலயே போடுங்க சார்" என்றார். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வரியைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த தாளிலும் தடம் விழும் அளவுக்கு அழுத்தி எழுதினார். உள்ளே போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்து, யாரையும் பார்க்காமல் ஆட்டோ ஏறினார்.

காபிக் கடைக்கு நான் போனபோது அவன் முன்னால் இரண்டு டம்ளர் இருந்தது. காலையிலேயே கடைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தானாம்.

"அவங்க முறைச்சாங்களாடா?"

"இல்ல."

"நான் சிரிச்சேன்ல?"

"ஆமா."

"ஆறிப்போவுது. நீ குடி" என்று ஒரு டம்ளரை என் பக்கம் தள்ளினான். குடித்தேன். சர்க்கரை இல்லை. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. அவருக்காகத் தனக்கும் சேர்த்து இரண்டையும் சர்க்கரை போடாமல் சொல்லியிருக்கிறான். வாய் வரைக்கும் ஒரு ஜோக் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதை விழுங்கினேன். காபியோடு சேர்ந்து இறங்கியது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி திட்டவில்லை. மாவு வழித்துக்கொண்டே கேட்டாள்: "நான் போய்ட்டா ஒங்களுக்கு இத ஆட்டிக்கத் தெரியுமாங்க?"

இந்த வருட நேர்காணலுக்கு அந்த அம்மா வரவில்லை. திருச்சிக்கு மகள் வீட்டோடு போய்விட்டாராம். நான் படிவங்களை வாய் திறக்காமல் நிரப்பினேன். ஒரு கிழவி, "ஒடம்பு சரியில்லையாப்பா?" என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படம் போட்டார்கள். அவன் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான். பல்செட் விழுந்த இடத்தில் சிரித்தான். கல்யாணத்தில் சிரித்தான். சாவு வீட்டில் வைத்திருந்த இரண்டு சிரிப்பையும் விடாமல் சிரித்தான். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைத் திரும்பிப் பார்த்து, சரியான இடத்தில்தான் சிரிக்கிறோமா என்று உறுதி செய்துகொண்டான்.