மதிலுக்கு அந்தப் பக்கம்

போன ஞாயிறு கோயமுத்தூரில் இறங்கிய பனியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மணி ஒன்பது... சூரியனைக் காணோம்! பீளமேட்டில் எங்களுக்கு எதிர்வீடே தெரியவில்லை.

ஊட்டிக் குளிரைப் பற்றி இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் மூன்று வாரம் அளந்தவன் நான். நம் ஊருக்கே குளிர் வந்தால் சும்மா இருப்பேனா? கம்பளிக் கோட்டு, மப்ளர், காதில் பஞ்சு — புறப்பட்டுவிட்டேன்.

"எங்கீங்க?" என்றாள் மனைவி.

"நம்ம பேட்டையைச் சுத்திப் பாக்க."

"மூணு வருசமா இங்கதானுங்களே குடியிருக்கறோம்!" என்று சிரித்தாள்.

இருந்து என்ன பயன்? எங்கள் கொல்லை மதிலுக்குப் பின்னால் ஒரு சந்து இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் ஒரு சின்ன ஓட்டு வீடு, பூட்டிக் கிடந்தது. தாண்டினால் சோளக்காடு. காட்டு ஓரத்தில் நாலு கம்பு நட்டுக் கீற்றுப் போட்ட கொட்டகை. சுற்றிலும் தடுப்புக்கூட இல்லை. உள்ளே ஒரு பச்சைக் குழந்தை அழுதது. அழுகையா அது? தொண்டை கட்டி, கீச் கீச்சென்று...

வெளியே நின்றவனைக் கேட்டேன்: "ஏனப்பா, இந்தக் குளுருல கொழந்தைய வெச்சுக்கிட்டு இங்க என்ன பண்றே?"

"அந்தப் பூட்டியிருக்கற ஊடு எங்களுதுங்க," என்றான் அப்பன்காரன். மாரப்பன் என்று பெயர், மில்லில் வேலை. "வாசல்லயே எலி செத்துக் கெடந்துச்சுங்க. மேல ஒரு காயமில்லீங்க. பிளேக்குத்தானுங்களே? புள்ள பொறந்து பதினேழு நாளுங்க. உள்ள வெச்சிருக்க முடியுங்களா?"

எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போவது நம் பக்கத்து வழக்கம்தான். பிளேக்குக்கு ஆளைப் பறிகொடுத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

"என்னிக்கு விழுந்துச்சு?"

"வெசாளக்கெழமை காத்தாலீங்க."

வியாழக்கிழமை விடிந்ததும் எங்கள் வீட்டுப் பொறியில் ஒரு எலி மாட்டியது. பொறியோடு வாளித் தண்ணீரில் முக்கிக் கொன்று, வாலைப் பிடித்து மதிலுக்கு அந்தப் பக்கம் வீசியவன் — சாட்சாத் அடியேன்.

ஐயோ! மூன்று நாளாக இந்தச் சிசு பனியில் கிடப்பது என்னாலா?

உள்ளதைச் சொல்லிவிட்டேன். மாரப்பன் என்ன செய்தான் தெரியுமா? கும்பிட்டான்!

"எங்க மேல எரக்கப்பட்டுச் சொல்றீங்க. உங்களாட்டம் பெரியவங்க அந்த வேலை செய்வீங்களா? ஊட்டுக்குள்ள போயிப் புள்ளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

சத்தியம் செய்தேன். அசையவில்லை. குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

வீட்டுக்கு ஓடி மனைவியை அழைத்து வந்தேன். தன் கம்பளியை எடுத்துக் குழந்தையைச் சுற்றிவிட்டு, தாய்க்காரி செல்லாத்தாளிடம் சொன்னாள்:

"அம்மணி, இவரு செய்யக்கூடியவருதான். எச்சில் எலை, சாம்பல், ஒடஞ்ச சட்டி — எல்லாத்தையும் அந்தப் பக்கந்தான் எறிவாரு. நானும் கத்திக் கத்திப் பாத்துட்டேன்."

"அதெல்லாம் உங்களுதுங்களா?" என்றாள் செல்லாத்தாள். மூன்று வருஷமாக வாசல் கூட்டுகிறவள் அவள்தானே! என் சத்தியத்தை நம்பாதவர்கள் இதை உடனே நம்பிவிட்டார்கள். பூட்டைத் திறந்து, அடுப்பை மூட்டி, அதன் பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது பால் குடித்துத் தூங்கியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பினேன். செல்லாத்தாள் வாசல்வரை வந்தாள்.

"ஏனுங்க, இனிமே எலி மாட்டுச்சுன்னா எங்க கதவத் தட்டிக் குடுத்துப்போட்டுப் போங்க. நாங்களே பொதைச்சுப்போடறோங்க."

அதற்கு அவள் திட்டியே இருக்கலாம்.