பேர் பதியாத அழகம்மா

2003 பெப்ரவரி. போர்நிறுத்தம் தொடங்கி ஒரு வருடம். எட்டு வருடம் நாடு நாடாகத் திரிந்துவிட்டு என் ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பியிருந்த நான், மன்னாரில் மீள்குடியேற்ற வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் மூன்று மாதத்துக்கு எழுத்து வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று மாதமே எனக்கு நீளமாகத் தெரிந்தது. அங்கேதான் அழகம்மா அக்காவைக் கண்டேன்.

அவர் ஊர் நறுவிலிக்குளம். மலையகத் தோட்டமொன்றில் பிறந்து, எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு பெற்றோருடன் இங்கே வந்தவர். சிறுவயதில் கூட விளையாடிய பிள்ளைகளிடம் படித்த சிங்களம் அப்படியே நாக்கில் இருந்தது. அரசாங்கக் கந்தோரிலோ பொலிசிலோ ஆஸ்பத்திரியிலோ பேச்சு தடைப்பட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் நிறுவனத்துக்கும் நாட்கணக்கில் வந்து மொழிபெயர்ப்பார். வயல் வேலை நாட்களில் வரமாட்டார். மகளுக்குப் பரீட்சை என்றாலும் வரமாட்டார். புதன்கிழமைகளில் யார் கூப்பிட்டாலும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வங்காலைக் கடற்கரைக்குப் போய்விடுவார்.

“அங்க என்ன செய்வீங்கள் அக்கா?”

“ஒண்டும் கதைக்கமாட்டன் தங்கச்சி. கிழமை முழுக்க மற்றாக்கள்ட வாயா இருக்கிறன். ஒரு நாளாவது மூட வேணும்.”

அந்த மாதம் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அழகம்மா அக்காவுக்கு நிரந்தர வேலை, நிறுவன அடையாள அட்டை என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. அக்காவோடு வந்திருந்த கணவர் காத்தமுத்துவுக்குச் சிங்களம் தெரியாது. ஆகவே தன்னைப் பற்றிய பேச்சையும் அக்காவே மொழிபெயர்க்கவேண்டி வந்தது. குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த எனக்கு அரைகுறைச் சிங்களம் விளங்கும்.

“ஏழு நாளும் கூப்பிட்ட நேரம் வரணுமாம்,” என்று கணவரிடம் சொன்னார். “மறுத்தா இனி நாள் வேலைக்கும் கூப்பிடமாட்டாராம்.”

“எடுத்துக்க புள்ள,” என்றார் காத்தமுத்து. “இந்தச் சமாதானம் எத்தன நாளைக்கு? குழம்பிச்சின்னா தள்ளாடி ஆமிக் கேம்புச் சென்றியில மறிச்சா அந்த அட்டதான் ஒன்ன வீடு சேர்க்கும். புதன்கிழம கடல் பாக்காட்டி செத்தா போயிருவ? இத அவருகிட்ட சொல்லாத.”

அக்கா அதிகாரியின் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். அட்டை, சென்றி, கடல், கடைசியில் “இதைச் சொல்லாதே என்றும் சொல்கிறார்” என்பது வரை.

என் பேனா நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் அவருக்கு எதிராகப் பேசின. ஒரு சொல்லைக் கொஞ்சம் தணித்திருந்தால் யாருக்குத் தெரியும்? அவர் தணிக்கவில்லை. நான் சுற்றிய நாடுகளில் எத்தனையோ பெரிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிறிய அறையில் அவர்மேல் வந்த மரியாதை எனக்கு அங்கெல்லாம் யார்மேலும் வந்ததில்லை.

“இனி நான் பேசுறது,” என்றார், முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். “எங்கம்மாவுக்குத் தோட்டத்துல பேர் பதிஞ்சிருந்திச்சி. விடியக்காலம் பேர் கூப்பிடுற எடத்துல போய் நிக்கணும். எனக்குக் காய்ச்சல் நெருப்பாக் கொதிச்ச அன்னிக்கும் என்ன விட்டுட்டுப் போய் நின்னாங்க. வேலைக்கு வாறேன் சேர். பேர் பதிய வரமாட்டேன். அட்ட இல்லாட்டி பயந்தான். பயத்தோடயே வாறேன்.”

அதிகாரி நிரந்தர வேலைக்கென்று கொண்டுவந்த படிவத்தை ஒருபக்கம் தள்ளிவைத்தார். பிறகு எந்த நாட்களில் வரமுடியும், திங்கட்கிழமை முடியுமா என்று கேட்டார். அக்கா அதையும் கணவருக்குச் சொன்னார்.

“திங்கக்கிழம வயல்ல நெல்லு அருவி வெட்டு,” என்றார் காத்தமுத்து, கோபம் தணியாமல். “இவ இல்லாம முடியாது. செவ்வாய்க்கிழம வேணும்னா பாக்கச் சொல்லு.”

அதையும் சொன்னார், கோபத்தோடு சேர்த்து. அதிகாரி செவ்வாயைக் குறித்துக்கொண்டு படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் காத்தமுத்து முணுமுணுத்தார்: “கடசியில ஒன் இஷ்டந்தான்.”

“நீங்க சொன்னதையும் சொன்னேனே.”

“அதான் புள்ள, வெக்கமாப் போச்சி.”

இருவரும் பஸ் நிலையப் பக்கம் நடந்தார்கள்.